சொல்லுக்குக் கூலி

அறிவையோ கலையையோ இறைவன் கதையையோ பிறருக்குச் சொல்லிப் பணம் வாங்கலாமா என்ற கேள்விக்குத் தமிழில் கிடைக்கும் பழைய விடைகளுள் ஒன்று புறநானூற்றின் 208ஆம் பாடலில் இருக்கிறது. பெருஞ்சித்திரனார் பரிசில் நாடி அதியமான் நெடுமான் அஞ்சியிடம் வருகிறார். மன்னன் புலவரை நேரில் காணாமலே பொருளைக் கொடுத்தனுப்புகிறான். அவர் வாங்க மறுக்கிறார். வறுமையை நன்றாக அறிந்தவர் அவர். பரிசில் வாங்குவதே இழிவு என்பதும் அவர் கட்சி அல்ல. தம்மைக் கண்டு, தம் புலமையை அறிந்து தருவது மிகச் சிறிதானாலும் போதும். காணாமல் தருவதைப் பெற்றுக்கொண்டால் தாம் பாட்டை விற்கும் வணிகர் ஆகிவிடுவோம் என்கிறார். கொடுப்பவன் கேட்டவனா, கேட்டு உணர்ந்தவனா என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது.

வடமொழி மரபு இதை வேறு வழியில் அணுகியது. மனுஸ்மிருதி அந்தணனுக்கு ஒப்புக்கொள்ளும் பிழைப்புகளுள் ஓதுவிப்பதும் ஒன்று. ஆனால் கூலி பேசிக்கொண்டு ஓதுவிப்பவனைச் சிராத்தத்துக்கு அழைக்கக் கூடாதவர் பட்டியலில் அதே நூல் சேர்க்கிறது. கல்வி முடிந்தபின் மாணவன் தரும் தட்சிணை சரி, முன்கூட்டியே பேசிய தொகை தவறு என்பது அதன் நிலை. காளிதாசனின் மாளவிகாக்கினிமித்திரத்தில் கணதாசன் என்னும் நாட்டிய ஆசிரியர் கல்வியை வயிற்றுப்பாட்டுக்கு மட்டும் வைத்திருப்பவனை வணிகன் என்று பழிக்கிறார். அவரே அரசனிடம் சம்பளம் வாங்குபவர்தான்.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலில் இந்தக் கூச்சம் இல்லை. யாருக்குப் பாடம் சொல்லலாம் என்று பொதுப்பாயிரம் அறுவரைச் சொல்கிறது: தன் மகன், ஆசிரியன் மகன், அரசன் மகன், பொருளை மிகுதியாகத் தருபவன், வழிபாடு செய்பவன், சொன்னதைக் கொள்ளும் திறம் உடையவன். பணம் தருபவன் நான்காமவனாக, ஒளிவுமறைவின்றி நிற்கிறான்.

இலவசமாகச் சொல்லப்பட்ட சொல்லுக்குப் பின்னால் எப்போதும் வேறு யாரோ செலவை ஏற்றிருக்கிறார்கள். பிரம்மதேய நிலங்களும் மடங்களின் சொத்தும் அரண்மனைப் படியும் இருந்ததால்தான் ஆசிரியர் மாணவனிடம் கை நீட்டாமல் இருக்க முடிந்தது. இஸ்லாமியச் சட்ட வரலாறு இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. குர்ஆன் கற்பிக்கக் கூலி வாங்கக் கூடாது என்பது ஹனஃபி மரபின் தொடக்கக்கால அறிஞர்களின் தீர்ப்பு. பிற்கால அறிஞர்கள் அதை மாற்றினார்கள். ஆசிரியர்களுக்கு அரசுக் கருவூலத்திலிருந்து வந்துகொண்டிருந்த மானியம் நின்றுபோனது. கூலியையும் தடுத்தால் கற்பிப்பதே அழிந்துவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். கிறித்தவத்தில் பவுல் இரண்டு நிலைகளையும் தாமே ஏற்றார்: நற்செய்தி அறிவிப்பவன் அதனால் பிழைக்கும் உரிமை உடையவன் என்று கொரிந்தியருக்கு எழுதிவிட்டு, தாம் அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் கூடாரம் செய்து பிழைத்தார்.

இலவசக் கல்விக்கு இன்னொரு முகமும் உண்டு. விலை இல்லாத அந்தக் கல்வி எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. யாருக்குச் சொல்லலாம் என்பதைப் பிறப்பு முடிவு செய்தபோது, எவ்வளவு பொருள் கொண்டுவந்தாலும் சிலரால் வாசற்படி ஏற முடியவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்காகப் பம்பாய் வந்து தாராவியில் குடியேறிய தமிழர்களில் பெரும்பகுதியினர் அப்படி வெளியே நிறுத்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மாதக் கட்டணம் கட்டி ஒரு சிற்றறையில் டியூஷன் படிக்கும்போது, அங்கே அறிவு விலைபோகிறது என்று வருந்துவது அவர்கள் வரலாற்றை அறியாத பேச்சு. கட்டணம் சாதி கேட்பதில்லை. பணம் இல்லாதவனை அது வெளியே நிறுத்துகிறது என்பதும் உண்மைதான். ஆனால் பணத்தை உழைத்துச் சேர்க்க முடியும், பிறப்பை மாற்ற முடியாது.

அதே பம்பாயின் மாட்டுங்காவில் இசைக்கு நேர்ந்ததும் இதைப் போன்றதே. கோயிலிலும் அரசவையிலும் வாழ்ந்த கருநாடக இசை சபாக்களுக்கு வந்தபோது, சீட்டு வாங்கிய எவரும் உட்காரலாம் என்றானது. 1952இல் தொடங்கிய ஷண்முகானந்தா சபா 1963இல் கிங்ஸ் சர்க்கிள் அருகே கட்டிய அரங்கில் இன்று 2,700 பேருக்கு மேல் உட்காரலாம். அரண்மனைக்குப் போக மறுத்து, தெருவில் பாடிச் சென்று அரிசி பெறும் உஞ்சவிருத்தியில் வாழ்ந்தவராகப் போற்றப்படும் தியாகராஜரின் கீர்த்தனைகள் இத்தகைய அரங்குகளில் கட்டணத்துக்குப் பாடப்படுகின்றன. இது முரண்தான். ஆனால் அந்தக் கட்டணம் இல்லாவிட்டால் அலுவலகக் குமாஸ்தாக்களின் குடும்பங்கள் அந்தப் பாட்டைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

உஞ்சவிருத்தியின் வடிவமும் மும்பையில் அழியவில்லை. மாட்டுங்கா, செம்பூர் பஜனை சமாஜங்களின் ராதா கல்யாணத்தில் பாகவதர் தோளில் செம்பு தொங்க, கையில் சிப்ளாக்கட்டையோடு பாடிக்கொண்டு வருவார். வீட்டுப் பெண்கள் எதிரே வந்து செம்பில் அரிசி போட்டு நமஸ்கரிப்பார்கள். ஒரு பிடி போட்டாலும் ஒரு படி போட்டாலும் பாட்டு அதேதான். போட்டவர் அடுத்து இன்ன பாட்டு வேண்டும் என்று கேட்பதில்லை. பணம் உள்ளே வருகிறது, சொல்லைத் தொடாமல் வருகிறது. இந்தக் கேள்வியில் அளவுகோலாகக் கொள்ளத்தக்கது இதுவே என்று தோன்றுகிறது.

அந்த அளவுகோலால் பார்த்தால் இன்றைய விளம்பர வருமானம் பழைய வகைகளில் எதிலும் அடங்கவில்லை. கேட்பவர் பணம் தருவதில்லை, புரவலரும் இல்லை. கேட்பவரின் கவனத்தை மூன்றாமவருக்கு விற்று, அதில் ஒரு பங்கு சொல்பவருக்கு வருகிறது. யூடியூபின் நீண்ட காணொளிகளில் விளம்பர வருவாயில் 55 சதவீதம் படைப்பாளிக்குப் போகிறது. சாதியோ சீட்டோ கேட்காமல் தாராவிப் பிள்ளைக்கும் செம்பூர்ப் பாட்டிக்கும் ஒரே உபந்நியாசம் கிடைக்கிறது. இதன் நன்மை சிறியதல்ல. ஆனால் விளம்பரம் கொடுப்பவர் அந்த உபந்நியாசத்தைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. காணாமல் தந்த அதியமானின் பரிசிலை விடவும் இது தொலைவானது. பணம் சொல்லைத் தொடுவதும் இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. 8 நிமிடமாவது ஓடும் காணொளிக்குத்தான் நடுவில் விளம்பரம் செருகலாம். ஐந்து நிமிடத்தில் முடியும் விளக்கம் எட்டு நிமிடத்துக்கு இழுபடுகிறது, தலைப்பு பயமுறுத்துகிறது, பரிகாரம் சொல்லும் பேச்சு பொருள் சொல்லும் பேச்சை முந்துகிறது. கூலி வாங்கியதால் வந்த குற்றம் இது அல்ல, கூலி சொல்லின் நீளத்தையும் தொனியையும் தீர்மானிக்கத் தொடங்கியதால் வந்தது.

சட்டமும் துறையின் சுயக் கட்டுப்பாடும் இந்த இடத்தில்தான் கை வைத்திருக்கின்றன. மும்பையில் இயங்கும் இந்திய விளம்பரத் தரநிலைக் கவுன்சில், பணம் பெற்றுச் சொல்லும் பரிந்துரையை விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என 2021இல் நெறிமுறை வகுத்தது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான பரிந்துரை செய்தவருக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. தாராவியை அடுத்த பாந்திரா குர்லா வளாகத்தில் தலைமையகம் கொண்ட, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2025 ஜனவரியில் இன்னும் நுட்பமான கோடு ஒன்றைப் போட்டது: பங்குச் சந்தை பற்றிக் கற்பிப்பதாகச் சொல்பவர் கடந்த மூன்று மாத விலைகளைக் காட்டிப் பேசக் கூடாது என்பது அப்போதைய விதி. பழைய விலையை வைத்து விளக்கினால் பாடம். நேற்றைய விலையைக் காட்டினால் அது வாங்கு, வில் என்னும் ஆலோசனை.

ஆன்மிகப் பேச்சின் உள்ளடக்கத்துக்கு இப்படிக் கோடு போடும் ஒழுங்காணையம் இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. அதற்குரிய முறை பஜனை சமாஜங்களிலேயே இருக்கிறது. கதை நடக்கும் கூடத்தில் அன்றைய உபயதாரர் பெயரை எழுதி வைப்பதும், தொடங்குமுன் அறிவிப்பதும், முடிந்தபின் அவரை அழைத்துப் பிரசாதம் கொடுப்பதும் வழக்கம். யார் பணத்தில் அந்தக் கதை நடக்கிறது என்பது வந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். உபயதாரரும் மற்றவர்களோடு உட்கார்ந்து அதே கதையைக் கேட்கிறார்; சுந்தர காண்டத்தை எங்கே நிறுத்துவது என்பது சொல்பவர் கையில் இருக்கிறது.