பிடித்த படமும் பிடிபடாத ஊரும்

படம் ‘எடுக்கிறோம்’ என்கிறோம். படம் ‘பிடிக்கிறோம்’ என்றும் சொல்கிறோம். எடுப்பதும் பிடிப்பதும் கையின் செயல்கள். பிறருக்கு உரியதைத் தொடும்போது கை கூச வேண்டும் என்று சிறுவயதிலேயே கற்றுக்கொள்கிறோம். கண்ணும் கூச வேண்டிய வேளை உண்டா? இவ்வினாவை நமக்குள் எழுப்பியது இங்கிலாந்தின் ஒரு குறுகிய தெரு.

அந்நாட்டின் பங்கு ஒன்றில் சில வாரங்கள் உதவிப் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. ஓய்வு நாள்களில் காலையில் இரயிலேறிப் பழைய ஊர்களைக் கண்டு, படம் பிடித்து, இரவில் திரும்புவோம். அப்படி ஒருநாள் யார்க் நகரின் ஷாம்பிள்ஸ் தெருவை அடைந்தோம். அது பழைய இறைச்சிக் கடைத் தெரு. 1872இல்கூட அங்கே 25 இறைச்சிக் கடைகள் இருந்தன. மரச்சட்ட வீடுகளின் மேல்மாடிகள் இருபுறமும் முன்னே நீண்டு, வானத்தை ஒரு நாடாவாகச் சுருக்கிவிடுகின்றன. இறைச்சியைத் தொங்கவிட்ட கொக்கிகளைச் சில கடைகளின் முகப்பில் இன்றும் காணலாம்.

தெரு காலியாகட்டும் என்று கேமராவுடன் காத்திருந்தோம். ஒவ்வொரு முறையும் எவரேனும் குறுக்கே வந்தார்கள். நமக்குச் சற்றுச் சினமும் எழுந்தது. கடைசியில் பையுடன் வந்த மூதாட்டி ஒருவர் நம்மைக் கண்டு, சுவரோரமாக ஒதுங்கி நின்றார். நாம் படத்தைப் பிடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் போய்விட்டிருந்தார். நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லை. அவர் முகத்தையும் நாம் பார்க்கவில்லை.

நெஞ்சில் இந்த உறுத்தலோடு சில அடிகள் நடந்தபோது, அதே தெருவில் புனித மார்கரெட் கிளித்தரோவின் திருத்தலம் எதிர்ப்பட்டது. பிற கட்டடங்களைப் போன்ற ஒரு வீடுதான். இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் மனைவியாக இத்தெருவில் வாழ்ந்த அவர், கத்தோலிக்கக் குருக்களுக்கு அடைக்கலம் தந்ததற்காகக் குற்றம் சாட்டப்பட்டார். வழக்கு நடந்தால் தம் பிள்ளைகளும் பணியாளர்களும் சாட்சி சொல்ல இழுக்கப்படுவார்கள் என்று கருதி, நீதிமன்றத்தில் வாதிட மறுத்தார். 1586 மார்ச் 25 அன்று, அவர்மேல் ஒரு கதவை வைத்து, அதன்மேல் பாரங்களை ஏற்றிக் கொன்றார்கள். திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1970இல் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

அயலாருக்குக் கதவைத் திறந்தவர்மேல் கதவையே சுமத்திய நகரம் அது. அந்நகரின் கதவுகள் அழகாயிருக்கின்றன என்று காலையிலிருந்து படம் பிடித்துக்கொண்டிருந்தோம். தெருவின் அழகு நம் கண்ணுக்குப் பட்டது. அத்தெருவில் வாழ்ந்தவரின் விலை படவில்லை.

இதில் குற்றம் என்ன என்று சிலர் கேட்கலாம். பொதுத் தெருவில் நின்று படம் பிடிப்பதை இங்கிலாந்தின் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. கேமரா எவர் பொருளையும் குறைப்பதில்லை. மேலும், நிலைவாயிலின் செதுக்கலையும் புகைபோக்கியின் நிழலையும் நின்று பார்க்கக் கற்றுத் தருவதும் அதுவே. இவை எல்லாம் உண்மை. ஆனால் சட்டம் விலக்காதவை எல்லாம் அன்புக்கு உகந்தவை ஆகிவிடுவதில்லை. ஊரை வெறும் காட்சியாகக் கருதப் பழகிய கண், அவ்வூரில் வாழ்வோரை இடையூறாகக் கருதத் தொடங்குகிறது. ஆபத்து அங்கேதான்.

க்ளாஸ்டர்ஷயரில் பைபரி என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே ஆர்லிங்டன் ரோ என்னும் வீட்டு வரிசையைப் படம் பிடிக்க உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். பதினான்காம் நூற்றாண்டில் கம்பளிக் கிடங்காக எழுந்து, பதினேழாம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக மாறிய கட்டடம் அது. அருகில் வசித்த முதியவர் ஒருவர் தம் மஞ்சள் நிறக் காரை வீட்டின் அருகே நிறுத்தி வந்தார். அது படத்தைக் கெடுக்கிறது என்ற முறையீடு எழுந்தது. 2017இல் ஒருநாள் அக்காரின் கண்ணாடிகள் உடைக்கப்பட்டிருந்தன. முன்மூடியில் ‘நகர்த்து’ என்ற சொல் கீறப்பட்டிருந்தது. அவ்வாண்டே பலர் தங்கள் மஞ்சள் கார்களை அவ்வூர் வழியே ஊர்வலமாக ஓட்டி வந்து அவருக்குத் துணை நின்றார்கள் என்பது ஆறுதல்.

கீறியவரின் கொடுமையைக் கண்டிப்பது எளிது. ஷாம்பிள்ஸில் நமக்குள் எழுந்த சினத்தை எண்ணினால், அக்கொடுமையின் விதை நம்மிடமும் கிடப்பது தெரியும். நாம் எதையும் உடைக்கவில்லை. ஆனால் ‘நகர்’ என்று நாமும் மனத்துக்குள் சொன்னோம்.

வில்ட்ஷயரின் லேகாக் மடத்தில், 1835இல், வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் ஒரு சன்னலைப் படம் பிடித்தார். இன்று எஞ்சியுள்ள கேமரா நெகட்டிவ்களில் மிகப் பழையது அதுவே. 1539 வரை துறவியராகிய பெண்கள் செபித்து வாழ்ந்த இல்லம் அது. அக்கால ஒளிப்படங்கள் பதிய நெடுநேரம் ஆகும். எனவே தெருவைப் படம் பிடித்தால் கட்டடங்கள் பதியும். நடந்து செல்வோர் பதிவதில்லை. மக்கள் நிறைந்த தெரு ஆளற்றதாய்த் தோன்றும். அது கருவியின் குறை. இன்று நொடியின் சிறு பகுதியில் எல்லாமே பதிகின்றன. இன்றும் நம் படங்களில் தெருக்கள் காலியாக இருந்தால், அந்தக் குறை யாருடையது?

பெத்சாய்தாவில் ஆண்டவர் தொட்ட பார்வையற்றவருக்கு முதலில் மனிதர்கள் நடமாடும் மரங்களைப் போலத் தெரிந்தார்கள். ஆண்டவர் அத்துடன் நிறுத்தவில்லை; மீண்டும் தொட்டார். அதன்பின்பே அவர் அனைத்தையும் தெளிவாகக் கண்டார். ஓரிரு நாள் பயணத்தில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த முதற்பார்வையே. அது பாவமன்று; அதுவே முழுப் பார்வை என்று நிறைவடைவதுதான் பிழை.

அதன்பின் சென்ற ஊர்களில் ஒரு சிறு வழக்கத்தை மேற்கொண்டோம். கேமராவைத் திறக்காமல் தெருவை ஒருமுறை நடந்து முடிப்போம். எதிர்ப்படுவோருக்கு வணக்கம் சொல்வோம். படம் பிடிக்கையில் எவரையும் ஒதுங்கச் சொல்வதில்லை. ஒதுங்கினால் நன்றி சொல்வோம். படங்களின் எண்ணிக்கை குறைந்தது. ஊர்கள் நினைவில் நின்றன.

ஷாம்பிள்ஸ் படத்தை இன்னும் வைத்திருக்கிறோம். அதன் இடது ஓரத்தில் நீல நிறப் பையின் ஒரு முனை விழுந்திருக்கிறது. முதலில் அதை வெட்டிவிட எண்ணினோம். இப்போது அப்படத்தில் நாம் முதலில் பார்ப்பது அதைத்தான்.