சாயம் வெளுக்கும், உப்பு வெளுக்காது

ஆற்றுத் தண்ணீரிலும் உப்பு உண்டு. பாறையையும் மண்ணையும் தொட்டு வரும் நீர் வெறுங்கையோடு வராது. கரைந்தவை எல்லாம் சேர்த்து லிட்டருக்கு 1000 மில்லிகிராமுக்குள் இருந்தால் நன்னீர் என்பது வழக்கம். கடலில் அது 35,000 அளவில் இருக்கும். குடிநீருக்கு இந்தியத் தரம் 500 போதும் என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை விடுகிறது. திருப்பூரில் இந்தக் கணக்கை 'டிடிஎஸ்' என்று சொன்னால் டேங்கர் லாரிக்காரருக்கும் புரியும்.

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவால் நொய்யல் ஆறு ஓடிய நிறத்தைத்தான் ஊரே பேசியது. ஆனால் சாயத்தைச் சுத்திகரித்து நிறம் நீக்கிவிடலாம். ஆற்றைக் கெடுத்தது கண்ணுக்குத் தெரியாத உப்பு. பருத்தி நூலும் ரியாக்டிவ் சாயமும் தண்ணீரில் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். அவற்றை நெருங்க வைக்கத்தான் உப்பு. கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறத்துக்குச் சாயத்தொட்டியில் லிட்டருக்கு 60, 80 கிராம் போடுவார்கள். கடலைப் போல இரண்டு பங்கு. துணியில் அந்த உப்பு தங்குவதில்லை. அலசும்போது அத்தனையும் வெளியே வந்துவிடும்.

வெளியே வந்த உப்பு ஆற்றோடு போய் எங்காவது தேங்கும். ஏரி நன்னீராக இருப்பதற்கு ஒரு போக்கு வேண்டும். வரும் உப்பு வந்த வேகத்தில் வெளியேற வேண்டும். ராஜஸ்தானின் சாம்பர் ஏரிக்குப் போக்கில்லை. வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்ள, உப்பளமாகிவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணைக்கும் ஏறக்குறைய அந்தக் கதிதான். திறந்துவிட்டால் கீழே வயல் கெடும். தேக்கினால் சுற்றுக் கிணறுகளில் உப்பு இறங்கும். விவசாயிகள் தங்களுக்காகக் கட்டிய அணையையே திறக்காதே என்று கேட்க நேர்ந்த கொடுமை வேறெங்கும் நடந்திருக்குமா தெரியவில்லை.

கழிவுநீரை ஆற்றில் விட வைத்திருந்த டிடிஎஸ் வரம்பே 2100. அதையும் பட்டறைகள் எட்டவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு இருந்தால்தான் திறக்கலாம் என்றானது. இப்போது எதிர்ச் சவ்வூடு பரவலில் நீரைப் பிரித்து மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்புகிறார்கள்; மிஞ்சும் உப்புநீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, தேறும் உப்பையும் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். எதற்கும் உதவாத கலப்பு உப்பு மட்டும் மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் சேர்கிறது. மழையில் நனைந்தால் அதுவும் கரைந்து ஓடும் என்பதால் மேலே கூரை போட்டிருக்கிறார்கள்.