குணமாக்குவது யார் பலம்?

1969-இல் டோக்கியோ தேசியப் புற்றுநோய் மையத்தில் கோரோ சிஹாராவின் குழு, ஷிட்டாகே காளானை வெந்நீரில் சாறெடுத்து, அதிலிருந்து பிரித்த பாலிசாக்கரைடுகளைப் புற்றுக்கட்டி வளர்ந்த சுண்டெலிகளுக்கு ஊசியாகப் போட்டது. பல எலிகளில் கட்டி அடியோடு கரைந்தது. அந்தப் பாலிசாக்கரைடுகளில் ஒன்றுக்கு லென்டினன் என்று பெயர் வந்தது.

அடுத்த சோதனைதான் சிந்திக்க வைப்பது. பிறந்தவுடன் தைமஸ் சுரப்பி அகற்றப்பட்ட எலிகளிடம் அதே மருந்து பலிக்கவில்லை. நோய் எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகை பக்குவப்படும் இடம் தைமஸ். ஆக, லென்டினன் தானே போய்ப் புற்றணுவைக் கொல்வதில்லை. உடலின் காவலை எழுப்பிவிடுகிறது. குளுக்கோஸ் கண்ணிகள் நீளமாகக் கோத்து, மூன்று இழைகளாக முறுக்கிக்கொண்ட பீட்டா குளுக்கான் அது. மனித உடல் இப்பொருளை உண்டாக்குவதில்லை. எனவே வெள்ளணுவின் மேலுள்ள டெக்டின்-1 போன்ற ஏற்பிகள் பீட்டா குளுக்கானைத் தொட்டதுமே, பூஞ்சை உள்ளே வந்துவிட்டதென்று அணு விழித்துக்கொள்கிறது.

அப்படியானால் குணமாக்கியது காளானா, உடலா?

ஜப்பானியப் பௌத்தம் இதே கேள்வியை முக்தி பற்றி எழுப்பியது. அமர்ந்து தியானித்துத் தானே விழிப்படையும் ஜென் வழியை ஜிரிகி, அதாவது தன் பலம் என்பார்கள். அமிதாப புத்தரின் கருணையே கதி என்ற பௌத்த ஆசான் ஷின்ரானின் வழி தாரிகி, பிற பலம். ஸ்ரீவைஷ்ணவத்தில் தானே தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி, தாயே கவ்விச் செல்லும் பூனைக்குட்டி என்று நடந்த வாதத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

1231-இல் ஷின்ரான் கடும் காய்ச்சலில் படுத்திருந்தார். கண்ணை மூடினாலும் சூத்திரத்தின் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பதினேழு ஆண்டுகளுக்கு முன், மக்கள் நலனுக்காகச் சூத்திரங்களை ஆயிரம் முறை ஓதத் தொடங்கிப் பாதியில் விட்டவர் அவர். தன் முயற்சியின் மீதான பற்று இன்னும் அறவில்லை என்பதை அந்தக் காய்ச்சலில்தான் உணர்ந்தார். இதைப் பதிவு செய்தவர் அவருடைய மனைவி எஷின்னி.

லென்டினனோ தன் பலம், பிற பலம் இரண்டில் எந்தப் பக்கத்திலும் முழுதாக அடங்காது. அந்நியப் பொருள் ஒன்று வந்து தொட்டால்தான் உடலின் சொந்த பலம் எழுகிறது. அந்த பலம் இல்லாத உடலில் அந்நியப் பொருளுக்கும் வேலை இல்லை. ஆனால் காளான் மாத்திரை விற்பவர்கள் தன் பலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, "உங்கள் உடலே உங்களைக் குணப்படுத்தும்" என்கிறார்கள். ஆறுதல் போல ஒலிக்கும் இந்தப் பேச்சு கொடுமையானது. குணமாகாதவர் மீது பழி விழுகிறது. நோயோடு குற்ற உணர்வையும் அவர் சுமக்க வேண்டியிருக்கிறது.

1985-இல் ஜப்பானில் இரைப்பைப் புற்றுநோய்க்கு, கீமோதெரபியுடன் சேர்த்துப் போடும் ஊசியாக லென்டினன் அனுமதி பெற்றது. அறுவை செய்ய முடியாத, அல்லது மீண்டும் வந்த இரைப்பைப் புற்றுநோயாளிகள் 300 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. எஸ்-1 என்ற மருந்தோடு லென்டினனைச் சேர்த்தும் அவர்களின் ஆயுள் நீளவில்லை. அவர்களில் எவரும் முயற்சியில் குறை வைத்ததால் அப்படி ஆகவில்லை.