துலாக்கோல் பிடித்த கை

கட்சி சாராதவர் என்று ஒருவரைச் சொன்னதும் நம்மில் பலர் கைகூப்பிவிடுகிறோம். கட்சிக்காரன் கறைபட்டவன், சுயேச்சையோ தூயவன் என்பது, புராணங்களை ஒதுக்கிவிட்ட நண்பர்களிடமும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு புராணம். எதையும் உரைத்துப் பார்த்தே ஏற்பது நம் வழக்கமல்லவா? இதையும் உரைத்துப் பார்ப்போம். தென் ஆஸ்திரேலிய மாநிலத்தின் டாம் ஸ்டாட் என்பவரின் பொதுவாழ்வு அதற்கு ஏற்ற உரைகல்.

கோதுமை உழவர்களின் சங்கத்தில் உழைத்து மேலே வந்தவர் ஸ்டாட். 1933 முதல் 1970 வரை, 37 ஆண்டுகள், கட்சித் துணையின்றி அம்மாநிலச் சட்டமன்றத்தில் அமர்ந்திருந்தவர். இருமுறை பேரவைத் தலைவர். எளிய சாதனையன்று, மறுப்பதற்கில்லை.

ஆனால் அவர் அமர்ந்திருந்த மன்றம் எப்படிப்பட்டது? இடங்கள் 39. நாட்டுப்புறத்துக்கு 26, தலைநகர் அடிலெய்டுக்கு 13. 1960களிலோ மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அந்தத் தலைநகரில்தான் வாழ்ந்தனர்! கணக்கிட்டுப் பாருங்கள்: நகரத் தொழிலாளர் நால்வரின் வாக்கு, நாட்டுப்புறத்தார் ஒருவரின் வாக்குக்கு நிகர். பிறப்பினால் உயர்வு தாழ்வு பேசுவோரைக் கண்டிக்கும் நாம், இருப்பிடத்தால் உயர்வு தாழ்வு வகுப்போரை மட்டும் விட்டுவிடலாமா? இந்த ஏற்பாட்டின் நிழலில்தான் தாமஸ் பிளேஃபோர்டு 1938 முதல் 1965 வரை முதல்வராக வீற்றிருந்தார்.

1962 தேர்தலில் தொழிற்கட்சி பாதிக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றது. பெற்ற இடங்களோ 19. பிளேஃபோர்டின் கட்சிக்கு 18. எஞ்சிய இருவர் சுயேச்சைகள். அவர்களுள் ஒருவர் ஸ்டாட். துலாக்கோல் அவ்விருவர் கைக்கு வந்தது. அது பிளேஃபோர்டின் பக்கம் சாய்ந்தது. ஸ்டாட் பேரவைத் தலைவரானார். 1968இல் மீண்டும் அதே காட்சி: பாதிக்கும் மேற்பட்ட வாக்குகள் தொழிற்கட்சிக்கு, இடங்களோ 19க்கு 19, நடுவே ஸ்டாட் ஒருவர். டான் டன்ஸ்டன் முதல்வர் பதவியிலிருந்து இறங்கினார். ஸ்டீல் ஹால் ஏறினார். ஸ்டாட் மறுபடியும் தலைவர் நாற்காலியில் அமர்ந்தார்.

"என் தொகுதியார் விருப்பப்படி நடந்தேன்" என்று அவர் சார்பில் ஒருவர் வாதிடலாம். தொகுதிக்கு ஒரு பாலம், ஒரு பள்ளி என்று கேட்கும்போது அந்த வாதம் செல்லும். மாநிலத்தையே ஆளப்போவது யார் என்பதை ஒருவரின் தலையசைப்பு முடிவு செய்யுமானால், அந்த வேளையில் மாநிலம் முழுவதுமே அவர் தொகுதி. பெரும்பாலோர் வேண்டாமென்று ஒதுக்கிய ஆட்சிக்கு உயிர்கொடுத்தவரைக் கட்சி சாராதவர் என்று அழைக்கலாம். நடுநிலையாளர் என்று அழைப்பதெப்படி?

உலகம் அவர்மீது குறை காண்பது இதற்காகவன்று, 1970க்காக. மரே ஆற்றில், அவர் வட்டாரத்தில், சௌவிலா என்னுமிடத்தில் அணை வேண்டும் என்றார் ஸ்டாட். அந்த அணைக்கு வாக்களித்துப் பதவிக்கு வந்த ஹாலோ, விக்டோரியாவிலுள்ள டார்ட்மவுத் அணையே மிகுதியாக நீர் தரும் என்று தேர்ந்து மாறிவிட்டார். மன்றம் சமமாகப் பிரிந்தது. தலைவர் தம் தீர்வு வாக்கை எதிர்க்கட்சியின் பக்கம் இட்டார். ஆட்சி விழுந்தது. மன்றம் சமமாகப் பிரிந்தால், இல்லாத பெரும்பான்மையைத் தலைவர் தம் வாக்கினால் படைக்கக் கூடாது என்பது 1867இல் இங்கிலாந்தின் அவைத் தலைவர் டெனிசன் வகுத்த நெறி. அந்த நெறி மீறப்பட்டது என்பது குற்றச்சாட்டு.

நம் கணிப்பு வேறு. 1970இல் அவர் வெளிப்படையாக நின்றார். நாற்காலியையும் இழக்கத் துணிந்தார். அதில் ஒரு நேர்மை உண்டு. அறிவுடைமை இருந்ததா? சௌவிலா அகன்று ஆழமில்லாத நீர்த்தேக்கமாகும். வெயில் குடித்தது போக எஞ்சுவதில் உப்பும் ஏறும். இதை ஆராய்ந்தோர் சொல்லியிருந்தனர். தன் ஊர்ப்பற்று அந்த ஆராய்ச்சியை மறைத்தது. விளைவோ நன்மையாயிற்று: மே மாதத் தேர்தலில் 47 இடங்களில் 27ஐத் தொழிற்கட்சி வென்றது, மக்கள் விரும்பிய ஆட்சி வந்தது. கண்ணை மூடி எறிந்த கல் கனியை வீழ்த்தினால், எறிந்தவனைக் குறிபார்ப்பதில் வல்லவன் என்போமா?

அந்த 47 இடங்களை வகுத்தவர் யார் தெரியுமா? ஸ்டீல் ஹால்! தலைநகருக்கு 28, நாட்டுப்புறத்துக்கு 19. தம் கட்சியின் பிழைப்பே அநீதியான பங்கீட்டில் இருக்கிறது என்றறிந்தும் அதை மாற்றினார்; மாற்றியபின் தோற்றார். கட்சிக்காரர் அவர். நாற்பதாண்டை நெருங்கிய சுயேச்சை வாழ்வில் ஸ்டாட் ஏறாத உயரம் அது.

புதிய அரசும் இறுதியில் டார்ட்மவுத்தையே ஏற்றது. அணை 1979இல் முடிந்தது. சௌவிலாவில் ஒன்றும் எழவில்லை.