நன்மை செய்யும் கை

பிறருக்கு நன்மை செய்யுமுன் அவருடைய இசைவைப் பெறுதல் வேண்டுமா? பேசத் தெரிந்தவரிடம் கேட்கலாம். வாயில்லாச் சீவனிடம் எவ்வாறு கேட்பது? இவ்வினாவை என் உள்ளத்தில் எழுப்பியது ஒரு நாய்க்குட்டியாகும்.

நெகிரி செம்பிலானில், சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடைப்பட்டதொரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். ஒருநாள் குழாயடியில் எங்கள் குட்டியை இருவர் அழுத்திப் பிடிக்க, நான் உண்ணிகளைப் பிடுங்கிக் குளிப்பாட்டினேன். அதன் உடல் தூய்மையாயிற்று. ஆயினும் அன்றுமுதல் வாளியைக் கண்ட அளவிலே அது மரங்களுக்கிடையே ஓடி மறைந்தது. நன்மையைச் செய்தேன், நம்பிக்கையை இழந்தேன்.

தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்ட இந்நாளில், நகரில் குடியேறிய தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் ஷீட்சூ, பூடில் போன்ற நாய்களை வளர்க்கின்றனர். முடி திருத்துவதற்கென்றே உள்ள கடைகளுக்கு அவற்றைக் கொண்டு செல்கின்றனர். இஃது ஆடம்பரம் என்று நானும் நகைத்ததுண்டு. ஆனால், ஓயாது வளரும் அம்முடி, மனிதன் தன் விருப்பத்திற்காகத் தேர்ந்து பெருக்கிய தன்மை. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் அது சிக்குண்டு தோலைப் புண்ணாக்கும். தேவையை உண்டாக்கியவனே அதனைத் தீர்க்கவும் கடமைப்பட்டவன் அன்றோ? ஆகவே, பராமரிப்பு கடமையே. எவ்வாறு என்பதே எஞ்சிய வினா.

நாய்க்குட்டி ஏறத்தாழ 3ஆம் வாரம் முதல் 12ஆம் வாரம் வரையில்தான் உலகோடு எளிதில் உறவு கொள்கிறது என்பதை, ஸ்காட், ஃபுல்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1965இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். தடுப்பூசிகள் நிறைவெய்தவோ 16 வாரம் ஆகலாம். எனவே, பழக்கம் வீட்டிலேயே தொடங்குதல் வேண்டும். நாள்தோறும் பாதத்தையும் செவியையும் மெல்லத் தொடுக, சீப்பை முகரவிடுக, முடிவெட்டும் இயந்திரத்தின் ஒலியைத் தொலைவிலிருந்து கேட்கச் செய்க, ஒவ்வொரு படிக்கும் ஒரு தின்பண்டம் தருக. மருத்துவர் இசைந்தபின் கடைக்குச் செல்லும் முதல் நாள், மேசைமீது நின்று பழகுவதற்கு மட்டுமே. முழு முடிதிருத்தம் பின்னர் ஆகட்டும்.

குட்டி முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், உடலை விறைக்கும். "போதும்" என்பதே அதன் பொருள். அவ்வேளை நம் கை நிற்றல் வேண்டும். வாயில்லாச் சீவன் என்றேனே, அது பிழை. அது பேசிற்று, நான்தான் கேட்கவில்லை.

உயிர் காக்கும் பொருட்டுச் சில வேளை பற்றிப் பிடிக்கவும் நேரும். அந்நாளைத் தாங்குதற்குரிய நம்பிக்கையை முன்னரே ஈட்டி வைப்பதே அறிவுடைமை.

ஆசிரியர் இதனை நன்கறிவர். பள்ளி வாசலில் தாயின் முந்தானையைப் பற்றி அழும் குழந்தையை இழுத்துச் செல்லும் கையும் உண்டு. நீட்டிக் காத்திருக்கும் கையும் உண்டு. இரண்டும் குழந்தையை வகுப்பறையில் சேர்க்கும். மறுநாள் தானே வரச் செய்வது அவற்றுள் ஒன்றே.