எவருடைய வாழ்க்கைத்தரம்?

இரு நாடுகளின் வாழ்க்கைத்தரத்தை அருகருகே வைத்து நோக்குவோர், பெரும்பாலும் முடிவை முதலிலே தெரிவுசெய்துகொண்டு, அதற்கேற்ற அளவுகோலைப் பின்னர் தேடுகின்றனர். ஆலைகளையும் அணுவுலைகளையும் எண்ணுவோருக்கு இந்தியா முன்னே நிற்கும். தொட்டிலிலே இறவாது தப்பிய குழந்தைகளை எண்ணுவோருக்கு இலங்கை முன்னே நிற்கும். எதனை எண்ணுவது என்னும் வினா கணிதத்தின்பாற்பட்டதன்று, ஒழுக்கவியலின்பாற்பட்டது.

இலங்கையர் பெருமிதம் கொள்ளக் காரணமுண்டு. 1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. இரண்டாம் உலக யுத்த காலத்திலே கூப்பன் அரிசியும், 1945இல் இலவசக் கல்வியும் வந்தன. 1946இல் ஆயிரம் பேருக்கு 20 ஆக இருந்த மரண வீதம் மறு ஆண்டிலே 14 ஆக வீழ்ந்தது. அதிலே மலேரியாவுக்கு எதிரான மருந்துத் தெளிப்பின் பங்கு எவ்வளவு, உணவும் வைத்தியமும் ஆற்றிய பங்கு எவ்வளவு என்று அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். இவற்றை ஆட்சியாளரின் கொடை என்று எண்ணுதல் தவறு. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறக்க நேர்ந்தது. அரிசியின் விலை அரசாங்கத்தின் விலையாயிற்று.

1979இல் மொறிஸ் டேவிட் மொறிஸ் என்னும் பொருளியலாளர் எழுத்தறிவு, சிசு மரணம், ஆயுள் எதிர்பார்ப்பு ஆகிய மூன்றையும் இணைத்து ஒரு சுட்டெண்ணை வகுத்தார். அதில் இலங்கையின் புள்ளி இந்தியாவின் புள்ளியைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. வருமானம் குறைந்த நாடும் மக்களை வாழவைக்கலாம் என்பதற்கு அந்நாளில் உலகெங்கும் இலங்கை எடுத்துக்காட்டாயிற்று. 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னரும் இந்த இடைவெளி மறைந்துவிடவில்லை: சராசரி ஆயுள் இந்தியாவில் 72 ஆண்டளவு, இலங்கையில் 77 ஆண்டளவு. இந்தியாவிலிருந்து கேரளத்தை மாத்திரம் பிரித்தெடுத்து நோக்கினால் இடைவெளி பெரிதும் சுருங்கிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆசிரியர் ஓய்வறைகளிலே நம்மவர் இப்புள்ளிவிபரங்களை எடுத்துரைக்கும்போது குரலில் ஒரு மிடுக்கு ஏறும். யானும் அவ்வாறு பேசியவனே. ஆயின் கேரளத்தைப் பிரித்தெடுப்பது நியாயமாயின், இலங்கையிலிருந்து மலையகத் தோட்டங்களைப் பிரித்தெடுப்பதும் நியாயமன்றோ? அங்கே வைத்தியமும் பாடசாலையும் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலே விடப்பட்டிருந்தன. 1945இன் இலவசக் கல்வி லயங்களை எட்டிப் பார்க்கவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். 1973–74இன் உணவு நெருக்கடியிலே தோட்டங்களின் சிசு மரண வீதம் நாட்டின் சராசரியைவிட மிக உயர்ந்து நின்றது. வெளிநாட்டறிஞர் இலங்கையை வியந்து எழுதியதும் அந்தத் தசாப்தத்திலேதான். சராசரி பொய்யுரைக்கவில்லை, அது எவரையும் தனித்துக் காட்டாது, அவ்வளவே.

ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட நூலிலே ஒரு சிந்தனைச் சோதனையை முன்வைத்தார்: எந்தக் குடும்பத்தில், எந்த வர்க்கத்தில் பிறப்போம் என்றறியாத நிலையில் நின்று ஒரு சமுதாயத்தின் நீதியை மதிப்பிடல் வேண்டும். அந்நிலையில் நிற்பவன் சராசரியை நம்பித் துணியமாட்டான். ஆகக் கீழே கிடப்பவனின் நிலை யாது என்றே கேட்பான். றோல்ஸ் பொதுவுடைமைவாதி அல்லர். ஆயினும் இக்கேள்வியை நாம் அவரிடமிருந்து இரவல் பெறுவதில் இழுக்கில்லை.

றோல்ஸின் மனிதன் கற்பனை மனிதன். மலையகத்திலோ, இரு நாடுகளுள் ஒன்றைத் தெரிவுசெய்யுமாறு உயிருள்ள மனிதரே பணிக்கப்பட்டனர். 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோரை 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். இலங்கைப் பிரசாவுரிமை கோரி விண்ணப்பித்தோர் தொகை இந்த 3,00,000ஐப் பெரிதும் விஞ்சியது.

இதனைக் கொண்டு, இலங்கையின் வாழ்க்கைத்தரமே மேலானதென அவர்கள் தீர்ப்பளித்தனர் என்று கூறிவிடலாமா? அவ்வாறு கூறுதல் அவர்களது துயரத்தைக்கொண்டு நமது பெருமைக்குச் சான்றிதழ் எழுதுவதாகும். அவர்களுட் பலர் பிறந்தது இங்கே. அவர்தம் பெற்றோர் புதைக்கப்பட்டதும் இங்கே. எந்த நாடு மேல் என்று அவர்கள் அளந்து பார்க்கவில்லை. இருந்த வீட்டைவிட்டு எழும்ப மறுத்தார்கள். பின்னர் பசியும் 1977இன் வன்செயலும் அம்மறுப்பைத் தளரச் செய்தன. மலைநாட்டுப் புகையிரத நிலையங்களிலே கட்டிப்பிடித்து அழுது பிரிந்தோர், தலைமன்னாரிற் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினர். ஒரு பகுதியினர், தாயகம் திரும்பியோருக்கென நீலகிரியில் தமிழ்நாட்டு அரசாங்கம் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிலே மறுபடியும் கொழுந்து பறித்தனர். இங்கே 'இந்தியாக்காரர்' என்று அழைக்கப்பட்டவர்களுக்கு அங்கே 'சிலோன்காரர்' என்று பெயர்.

1964இன் ஒப்பந்தம் எஞ்சிய 1,50,000 பேரை எந்தப் பக்கத்திலும் எழுதாது விட்டிருந்தது. பத்தாண்டு கழிந்து, 1974இல், இரு பிரதமரும் கூடி அவர்களைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர்: இந்தியாவுக்கு 75,000 பேர், இலங்கைக்கு 75,000 பேர்.