தலைக்குக் குளித்தால் போதுமா?

கூச்சமான விஷயம்தான். "சாமி பக்கத்துல இதெல்லாமா?" என்று நண்பன் கேட்டான். வள்ளி தெய்வானையோடு நிற்கிற சாமிதானே நம்ம சாமி, இல்லறத்தார் இங்கே பேசாமல் வேறெங்கே பேசுவது?

கிழக்கு தாம்பரத்தில் எங்க வீட்டில் ஒரே பாத்ரூம். அப்பா அம்மா படுத்திருக்கும் ஹாலைத் தாண்டித்தான் போகணும். கல்யாணமான புதிதில், ராத்திரி தண்ணிச் சத்தம் கேட்டால் என்ன நினைப்பாங்களோ என்று என் மனைவி விடியும்வரை சிறுநீரை அடக்கிக்கொண்டு படுத்திருப்பாள். காலையில் இருவரும் தலைக்குக் குளித்து, விபூதி பூசி, குரோம்பேட்டை குமரன் குன்றத்துக்குப் படியேறுவோம். சுத்தமாக வந்திருக்கிறோம் என்று எனக்கு நினைப்பு.

மூன்றாம் மாதம் அவளுக்கு நீர்க்கடுப்பு. அம்மா, "சூடு, மோர் குடி" என்றாங்க. குளிர்ஜுரம் வந்த பிறகுதான் என்னிடமே சொன்னாள். டாக்டரம்மா சிறுநீர்ப் பாதைத் தொற்று என்று சொல்லி, எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். பெண்ணுக்குச் சிறுநீர்க் குழாய் சுமார் 4 செ.மீ.தான். உறவின்போது ஆசனவாய்ப் பக்கம் இருக்கும் ஈ.கோலை கிருமி சுலபமாக உள்ளே ஏறிவிடும். முடிந்ததும் அடக்காமல் சிறுநீர் கழித்தால் அது வெளியேற உதவும். வெளிப்புறத்தை முன்னிருந்து பின்னாக, வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். உள்ளே சோப்பு, டெட்டால் கூடவே கூடாது. அங்கே இருக்கும் நல்ல கிருமிகளையே அது அழித்துவிடும். ஆணும் கழுவணும், முன்னாடி கையையும் சேர்த்து. (இது எனக்கான டோஸ்.)

புண், வெள்ளைப்படுதலில் நாற்றம் என்றால் மறைக்காதீர்கள். அரசு மருத்துவமனைகளில் சுகவாழ்வு மையம் இருக்கு. பால்வினைத் தொற்று என்று தெரிந்தால் கணவன் மனைவி இருவருமே மருந்து எடுக்கணும். வெட்கம் என்ன செய்யும் என்று தாம்பரத்துக்காரங்களுக்குத் தெரியாதா? எச்.ஐ.வி. என்றாலே எல்லாரும் ஒதுக்கிய 1990-களில் அவர்களைச் சேர்த்துக்கொண்டது நம்ம சானடோரியம் ஆஸ்பத்திரிதானே.

ஆபீஸில் ஒரு பக் வந்தால் யார் தப்பு என்று கேட்கக்கூடாது என்பார்கள். இங்கே கேட்டுத்தான் ஆகணும். தலைக்குளியலை நான் குறை சொல்லவில்லை, இன்றும் குளிக்கிறேன். ஆனால் அது எனக்கும் சாமிக்கும் நடுவில் உள்ளது. பக்கத்தில் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்த ராத்திரியில் நான் நிம்மதியாகத் தூங்கினேனே, அந்த அழுக்கு எந்தத் தண்ணியில் போகும்?

இப்போ நான்தான் முதலில் எழுந்து போய் லைட்டைப் போடுகிறேன். ஒருநாள் அம்மா, "யாருடா அது?" என்றாங்க.

"நான்தாம்மா" என்றேன். அம்மா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க.